பட்டாணிக் கிலாங்குப் பாட்டு பிறந்த பிற்பகல்

1976ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மணி 4.07. நல்ல வெயில். காற்று இல்லை. ஜெராய் மலையின் உச்சியில் மட்டும் கறுப்பாக ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. அது 4.50க்குத்தான் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

இத்தனை துல்லியம் எதற்கு என்று என் மனைவி கேட்கிறாள். காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த பையன், "இது நம்ம கெடா மாநில நாட்டுப்புறப் பாட்டு, யார் எழுதினாங்கன்னு யாருக்கும் தெரியாது" என்றான். நான் எழுந்து, "எனக்குத் தெரியும்" என்றேன். சாப்பாட்டுப் பந்தி போட்டுவிட்டதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். தெரியாது என்று இனி எவரும் சொல்லக் கூடாது.

அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. மெர்போக்கிற்கு நான்கு மைல் உள்ளே, ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒன்று எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். அக்காவும் பதினைந்து வயதிலிருந்து வெட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பதாம் வயதில் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுங்கைப் பட்டாணியில் புதிதாகத் திறந்திருந்த ஆலைக்கு வேலைக்குப் போனாள். ஆலையை எங்கள் பக்கத்தில் மலாய்க்காரர்களைப் போலக் கிலாங் என்றுதான் சொல்வோம். சுங்கைப் பட்டாணியையும் பட்டாணி என்று சுருக்கிவிட்டோம். ரேடியோவுக்குள்ளே போகும் சின்னச் சின்னச் சாமான்களுக்கு, பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு, முடியை விட மெல்லிய கம்பியை ஒட்டுவது அவள் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. கம்பெனி பஸ் தோட்டத்து முனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

பகலில் போனபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் ராத்திரி வேலைக்கு அவள் போன மறுநாளே, தண்ணீர்க் குழாயடியில் பேச்சு தொடங்கிவிட்டது. அப்பாவின் காதுக்கு எட்டாத பேச்சு என்று ஒன்று தோட்டத்தில் கிடையாது. அவர் கோபக்காரர் அல்லர், பயந்தவர். பயந்தவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். அவசரமாக மாப்பிள்ளை தேடினார்.

மாப்பிள்ளை ஜித்ராவில் கிடைத்தார். அவர்களுக்குச் சொந்தத்தில் மளிகைக் கடை. மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாம் கடைக்குப் பின்னாலேயே அரைத்து விற்பார்கள். தோட்டத்துப் பெண்ணைக் கடைக்காரர் வீட்டில் கேட்டது எங்கள் லயத்தில் பெரிய செய்தி. ஏன் கேட்டார்கள் என்று எவரும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி, கடையில் உட்கார ஆள் தேவை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்று பரிசம். ஜித்ராவிலிருந்து இரண்டு வேன், ஒரு கார், முப்பத்தொரு பேர், ஒன்பது தட்டு. வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டி, பாய் விரித்து, தட்டுகளை நடுவில் வரிசையாக வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். அக்கா வேலைக்கு எழுந்திருக்க வாங்கிய அலாரக் கடிகாரத்தை என் முன்னால் வைத்து, "நாலு இருவதுக்குச் சொல்லுடா" என்றார் அப்பா.

என்னை நடுவில் உட்கார வைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தட்டு மாற்றுமுன் இரண்டு வீட்டுப் பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து ஏசல் பாடுவது எங்கள் பழக்கம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பாட்டு எடுத்துக் கேலி செய்வார்கள். பெண் வீட்டார் அந்தப் பாட்டின் முதல் அடியை அப்படியே வாங்கிக்கொண்டு, அதே மெட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைசிச் சொல்லின் வால் மட்டும் மாறலாம்; மற்றபடி முதலடியை மாற்றினால் செல்லாது. ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பக்கத்துக் கிண்ணத்தில் ஒரு கொட்டைப்பாக்கு. மூன்று சுற்றுக் கைத்தட்டு முடிவதற்குள் பாட்டு வராத பக்கத்து மூத்த பெண், மற்றவர்களுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டித் தலைகுனிய வேண்டும். முந்தின வருஷம் ஒரு பரிசத்தில் பாக்குக் கணக்கில் தகராறாகி, இரண்டு குடும்பத்துக்கும் இன்றுவரை பேச்சு இல்லை. அதனால் எண்ணுவதில் பேர் வாங்கிய என்னை உட்கார வைத்தார்கள்.

ஜித்ராப் பக்கத்தில் பாடுவதற்கு மாப்பிள்ளையின் அத்தை வந்திருந்தார். விதவை, தம்பி வீட்டோடு இருப்பவர். கடைக்குப் பின்னால் தூள் அரைப்பவரும் அவரே என்று எங்கள் பெரியம்மா முதலிலேயே விசாரித்து வைத்திருந்தார். அலோர் ஸ்டார் முதல் கூலிம் வரை அந்த அத்தையை ஏசலில் வென்றவர் இல்லை என்பார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கையைத் தட்டிச் சிரித்தார்.

"மச்சான்காரனே எண்றானா? அப்பறம் பாக்கெல்லாம் தானா எந்திரிச்சு அவங்க பக்கம் நடந்து போகும்லா!"

"எங்க பையன் கணக்குல பொய் சொல்ல மாட்டான் சம்பந்தி. ஒங்க கடைத் தராசு மாதிரியா?" என்றார் பெரியம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். இப்படித்தான் தொடங்கியது. பிறகு அத்தையே என் பக்கம் குனிந்து, "கேட்டுக்க தம்பி. யாரு பாடினாலும் சரி, முதலடிய வாங்கித் திருப்பினா ஒரு பாக்கு. அவ்வளவுதான் சட்டம்" என்றார். பெரியம்மாவும் தலையாட்டினார்.

முதல் பாட்டு எங்கள் சாலையைப் பற்றியது.

*மெர்போக்கு ரோட்டுல வேனேறி வந்தோமே*
*முதுகெலும்பு மூணா ஒடிஞ்சதடி*

பெரியம்மா விடவில்லை.

*மெர்போக்கு ரோட்டுல வேனேறி வந்தீங்க*
*மொளகாத்தூள் மூட்டையும் வந்ததாடி – அதுல*
*செங்கல்லு பாதி மொளகா பாதி*
*ஜித்ராவே வயித்தப் புடிக்குதடி*

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மற்றபடி நன்றாகத்தான் போனது. எங்கள் வீட்டுக் காபி, மாப்பிள்ளையின் வழுக்கை, பெரியம்மாவின் மூக்குத்தி, அவர்கள் காரின் ஹாரன் என்று பதினொரு பாட்டுக்குப் பதினொரு பாட்டு. இரண்டு கிண்ணத்திலும் பதினொரு பாக்கு. மணி 4.04. அத்தை பன்னிரண்டாவதை எடுத்தார்.

*பட்டாணிக் கிலாங்குக்குப் பஸ்ஸேறிப் போறவளே*
*ராவெல்லாம் கண்முழிச்சு என்ன கண்டே?*
*சங்கு இனி ஊதினா உனக்கில்லே – உங்கப்பன்*
*சத்தியம் செஞ்சாச்சு கேட்டுக்கடி*

சங்கு என்பது ஆலையில் வேலை நேரத்துக்கு ஊதுவது. மற்ற பாட்டுகளுக்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை. பெரியம்மா வாயைத் திறந்தவர் அப்படியே அப்பாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தட்டில் இருந்த ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பரிசத்துக்கு நாள் குறித்த அன்றே, அடுத்த மாதச் சம்பளத்தோடு அக்கா வேலையை விட்டு நின்றுவிடுவாள் என்று மாப்பிள்ளை அம்மாவிடம் அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். அக்காவிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று அவர்கள் சம்மதித்ததாகச் சொல்லித்தான் அக்காவைத் தலையாட்ட வைத்திருந்தார். முப்பத்தொரு விருந்தாளிகள் முன்னால், கேலிப் பாட்டில் வைத்து, அது வெளியே வந்துவிட்டது.

பதில் பாடவேண்டியவர் பெரியம்மா. அவர் பாடவில்லை. கைத்தட்டு ஒரு சுற்று ஓடியது. இரண்டாம் சுற்று ஓடியது. மூன்றாவது முடிந்தால் ஜித்ரா ஜெயித்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அக்கா வந்தாள். பரிசத்தன்று பெண் தட்டு மாற்றிய பிறகுதான் வெளியே வருவாள். அதுவும் இரண்டு பேர் பிடித்து அழைத்து வர, தலை குனிந்து. இவள் தானே வந்தாள், நிமிர்ந்து. தலையில் பூ பாதிதான் வைத்திருந்தது. பின்னால் ஒரு பெண் மீதிப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா பெரியம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையைத் தட்டினாள். மணி 4.07.

*பட்டாணிக் கிலாங்குக்குப் பஸ்ஸேறிப் போறவதான்*
*ராவெல்லாம் கண்முழிச்சு நானும் கண்டேன்*
*கூரையில் எத்தனை ஓட்டையின்னு – அதைக்*
*கூலியில் அடைச்சவ நான்தாண்டி*

*பட்டாணிக் கிலாங்குக்குப் பஸ்ஸேறிப் போறவதான்*
*பால்வாளி புடிச்சகை பாரடியோ*
*கண்ணாடிக் குழலுக்குள் கம்பி வச்சேன் – ஊரு*
*ரேடியோ பேசுது கேளடியோ*

*பட்டாணிக் கிலாங்குக்குப் பஸ்ஸேறிப் போறவதான்*
*சத்தியம் செஞ்சது நானில்லையே*
*தாலியக் கட்டினாக் கட்டட்டும் மாப்பிள்ளே – கிலாங்குச்*
*சங்கு ஊதினாப் போவேனடி*

இதுதான் பாட்டு. மூன்று அடுக்கு. முதலடி ஜித்ரா அத்தையுடையது. மற்றதெல்லாம் என் அக்காவுடையது. எதிராளியின் முதலடியை வாங்கித்தான் பாடவேண்டும் என்று சட்டம் இல்லாதிருந்தால், அவளை இழிவுபடுத்த எடுத்த அடி அந்தப் பாட்டின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்காது. இதைத்தான் மண்டபத்துப் பையனிடம் சொல்ல எழுந்தேன்.

அவள் நிறுத்தினாள். நான் என் வேலையைப் பார்த்தேன். பாக்கை எடுத்தேன்.

"வைக்காத தம்பி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "பொண்ணு பாடுறதா? எந்த ஊர்ல உண்டு இது? கணக்குல சேராது."

"வைக்காதடா" என்றார் அப்பாவும்.

பாக்கு என் விரலில் இருந்தது. இரண்டு பக்கமும் என்னையே பார்த்தார்கள். எனக்கு மாப்பிள்ளை தெரியாது, வேலை தெரியாது, வாக்கு தெரியாது. ஒரு பாட்டுப் பாடப்பட்டிருக்கிறது; அதை எண்ணாமல் விட்டால் கணக்குத் தவறு. இது மட்டும்தான் தெரிந்தது. சட்டம் சொன்னவரையே கேட்டுவிடுவது என்று ஜித்ரா அத்தையைப் பார்த்தேன்.

"முதலடிய வாங்கினாளா இல்லையா?" என்றார் அவர்.

"வாங்கினாங்க."

"அப்பறம் என்னா என் மூஞ்சியப் பாக்குற? வைலா."

வைத்தேன். பித்தளைக் கிண்ணத்தில் அது விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அடுத்த பாட்டு ஜித்ராவுடையது.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் தோளை இடித்தார். "பாடுங்க அண்ணி. அந்த வாய்க்கு ஒரு பாட்டுக் குடுங்க."

அத்தை அக்காவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். ஒரு வெற்றிலையைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் போட்டு மென்றார். மூன்று சுற்றுக் கைத்தட்டும் ஓடி முடிந்தது. வெற்றிலைத் தட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு, "வரல" என்றார்.

எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். நானும் கத்தினேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம். மணி 4.16. பெரியவர்கள் ஏன் கத்தவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அப்பாவிடம் திரும்பினார். "நீங்க குடுத்த வாக்கு என்னாச்சு அண்ணே?"

"உள்ள போம்மா" என்றார் அப்பா அக்காவிடம்.

"போறேன்ப்பா. அவங்களுக்குப் பதில் சொல்லிட்டுப் போறேன்." அக்கா எழுந்து மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து நின்றாள். "அத்தே, நான் வேலைய விட மாட்டேன். கடையிலயும் ஒக்கார மாட்டேன். அது பரவால்லன்னா தட்ட மாத்துங்க."

"அவ்வளவு திமிரா? ராத்திரியில ஊர் சுத்துற கிலாங்குக்கு அவ்வளவு மவுசா?"

"ஊர் சுத்தல அத்தே. பஸ் நேரா கேட்டுக்குப் போகும், நேரா இங்க வரும். ஒங்க மகன் வேணும்னா ஒரு நாளு பின்னாடியே மோட்டார்ல வந்து பாக்கட்டும்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சிவந்தது. மகனைப் பார்த்து, "நீ என்னடா சொல்ற?" என்றார்.

மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் பேசியது இரண்டே சொற்கள். "அம்மா சொல்றதுதான்."

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். அதுவரை அவள் மனத்தில் ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அங்கே முடிந்திருக்க வேண்டும். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்து, "மணி நாலு இருவது" என்று அறிவித்தேன். சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கியவர், ஓங்கிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

ராகு காலம் பிறக்குமுன் கிளம்பியாக வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம். ஒன்பது தட்டும் வந்த வழியே வேனில் ஏறின. 4.26க்கு இரண்டாவது வேன் திரும்பியது. பின்பக்க ஜன்னலோரம் அந்த அத்தை உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பி மனைவி அவரைத் திட்டுவது வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவர் வெளியே எட்டி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, எங்கள் வீட்டுக் கதவை ஒரு முறை பார்த்தார். பிறகு மழை வந்தது. கூரை ஒழுகவில்லை.

மறுநாள் விடியுமுன் அம்மா எழுந்து அக்காவின் சோற்றுப் பாத்திரத்தை நிரப்பினார். வழக்கத்தைவிட ஒரு முட்டை கூடுதல். அப்பா நாற்பத்தொரு நாள் அக்காவோடு பேசவில்லை. நாற்பத்திரண்டாம் நாள், பஸ் வரத் தாமதமானபோது, குடையை எடுத்துக்கொண்டு முனைவரைக்கும் போய் அவளோடு நின்றார். அன்றும் பேசவில்லை என்றுதான் அக்கா சொன்னாள்.

பாட்டு அவரைப்போல் காத்திருக்கவில்லை. எங்கள் லயத்திலிருந்து ஆலைக்குப் போன இன்னும் மூன்று பெண்கள் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தவர்கள். புதன்கிழமைக்குள் பஸ் முழுவதும் பாடியது. ஏறுகிற ஒவ்வொருத்தியும் தன் பங்குக்கு ஓர் அடுக்குச் சேர்த்தாள். ஒருத்தி பூதக்கண்ணாடி பார்த்துக் கண் மங்கியதைப் பாடினாள். ஒருத்தி சூப்பர்வைசரின் மீசையைப் பாடினாள். 1980இல் ராத்திரி வேலைக்குக் கொடுத்த படிப்பணத்தைக் குறைத்தபோது, இருநூறு பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே பாடினார்கள். மலாய்ப் பெண்கள் அர்த்தம் தெரியாமல் கைதட்டி மெட்டு மட்டும் பாடினார்கள். படி திரும்ப வந்தது. 1985இல் நான் எண்ணியபோது முப்பத்தொரு அடுக்கு இருந்தது. கூலிமில் ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டு பாடினார்கள். அந்த ஒரு சொல்லைத் தவிர முதலடி எங்கும் மாறவில்லை.

அக்கா இருபத்தேழு வயதில், அவளோடு ராத்திரி வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்துக்கு மறுவருஷம், 1985இல்தான், அலோர் ஸ்டாரில் ஒரு நண்பன் வீட்டுப் பரிசத்தில் ஜித்ரா அத்தையை மறுபடி பார்த்தேன். முடி நரைத்திருந்தது, குரல் நரைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் மூன்று பேர் மாறி மாறிப் பாடியும் அவரை அசைக்க முடியவில்லை. பத்தொன்பது பாட்டு. நடுவில் ஒரு சிறுமி மரியாதையாக வெற்றிலையை நீட்டினாள்.

"எடு அங்கிட்டு" என்றார் அத்தை. "ஒரு பாட்டு பாக்கி இருந்தாக்கூட நான் வெத்தல தொட மாட்டேன். தொட்டா அவ்வளவுதான், தொண்ட கட்டிக்கும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்லா."

எனக்கு அப்போது வயது இருபத்தொன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணக்குத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் சம்பளத்தில். கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலே கால் மணிக்கு அவர் முறை பாக்கி இருந்தது. பாட்டும் இருந்திருக்கும், அவரிடம் இல்லாமலா? தம்பி வீட்டுச் சோறு, தம்பி மனைவி பக்கத்தில் இடித்துக்கொண்டிருக்கிறார், அன்று ராத்திரி அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். எல்லாம் தெரிந்தே, நிதானமாகக் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, அவர் வாயை அடைத்துக்கொண்டார். நான் அதைத் தோல்வி என்று எண்ணி, கிண்ணத்தைத் தூக்கிக் காட்டிக் கத்தியிருக்கிறேன். அருகில் போய்ப் பேச நினைத்தேன். அதற்குள் இருபதாவது பாட்டை எடுத்துவிட்டார்.

பன்னிரண்டு வயதில் இது எதுவும் தெரியாமல், வேன் திரும்பியபோது நான் அழுதேன். அக்காவுக்காக அழுகிறேன் என்று நினைத்துப் பெரியம்மா என் தலையைத் தடவினார். அக்காவுக்காக இல்லை. ஒன்பது தட்டில் கடைசித் தட்டு மச்சான் முறைக்கு, அதாவது எனக்கு. சட்டைத் துணி ஆறு வெள்ளி, கால்சட்டைத் துணி ஒன்பது வெள்ளி, மை ஊற்றும் பேனா மூன்று வெள்ளி அறுபது காசு. அந்தப் பாட்டுக்காக நான் கொடுத்தது, ஆக மொத்தம், பதினெட்டு வெள்ளி அறுபது காசு.